குரவையில் மந்தக் குரல்: சேர்ந்திசையில் பெண்ணின் இடம் குறித்து

சேர்ந்திசை பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் பாடலின் பொருளைப் பேசுவர்; மெட்டமைப்பைப் பேசுவர்; குழுவின் ஒழுங்கைப் பாராட்டுவர். குழுவில் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் வாய்த்த குரல் எத்தகையது, அக்குரலுக்கு அப்பாடலில் இடம் உண்டா என்பன பேசப்படுவதில்லை. குறிப்பாக, இயல்பிலேயே தாழ்ந்த குரல் வாய்த்த பெண் குழுவில் எங்கே நிற்பாள் என்னும் வினா நம் இசைத் திறனாய்விலும் பள்ளி நடைமுறையிலும் கேட்கப்படாமலேயே இருந்து வருகிறது. அவ்வினாவிற்குச் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை ஒரு விடை வைத்திருக்கிறது என்பது நம் கருத்து. அப்பகுதியைப் பண்ணாராய்ச்சியின் பொருட்டு எண்ணிக் கணக்கிட்டோமேயன்றிப் பெண்கள் சிலர் கூடிப் பாடிய பாட்டாகச் செவிகொடுத்துக் கேட்டோமில்லை.

இவ்வினா நமக்கு நூலகத்தில் தோன்றியதன்று. பதின்மூன்றாம் வயதில், பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில், பள்ளிப் பாடற்குழுவில் நாமும் நின்றோம். ஆர்மோனியம் 5½ கட்டையில் சுருதி தந்தது. மேற்பஞ்சமத்தை எட்டும் அடி வந்தபோது நம் குரல் பிளந்தது. அடுத்த ஒத்திகையில் ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை; அன்பாகவே, "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்றார். குழுவிற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அன்றைய நிழற்படத்தில் மற்றெல்லாரையும்விட நம் வாயே அகலத் திறந்திருக்கிறது. பின்னாளில் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதனைச் சொன்ன போதெல்லாம், கேட்டிருந்த பெண்களில் ஒருவரேனும் தமக்கும் அது நேர்ந்ததெனக் கூறாமல் இருந்ததில்லை.

இதில் அவ்வாசிரியையைக் குறைகூறி ஆவதொன்றில்லை. அவர் கையிலிருந்த சுருதிமுறையே அவரை அந்நிலைக்குத் தள்ளிற்று. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் எண்ணி, இடைப்பட்ட கருங்கட்டைகளை அரையெனக் கொள்ளும் கணக்கில், ஆண்கள் ஏறத்தாழ 1 கட்டையிலும் பெண்கள் ஏறத்தாழ 5 கட்டையிலும் பாடுவது கருநாடக இசையில் பெருவழக்கு. தனித்துப் பாடுவோர்க்கு இவ்வழக்கு தடையன்று. 4 கட்டையோ 3 கட்டையோ தம் உடலுக்கு இயைந்ததை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். டி. கே. பட்டம்மாள் (1919–2009) கனத்த, ஆழ்ந்த சாரீரத்துடன் மேடையேறிப் பல்லவி பாடுவதில் பெயர்பெற்றதற்குக் குரலின் உயரம் ஒரு நிபந்தனையாக இருக்கவில்லை. குழுவிலோ சுருதி ஒன்று, பாடுவோர் பலர். சிறுமியர் குழுவாயின் பெரும்பான்மையோர்க்கு ஏற்ப 5½ கட்டை வைக்கப்படும். அதற்கு மூன்று அரைச்சுரம் கீழே, 4 கட்டையில் இயல்பாக நிற்கக்கூடியவளுக்கு அங்கே மேற்பஞ்சமம் எட்டாது. ஆண்களும் கலந்த குழுவில் 1 கட்டை வைத்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. ஆண்கள் இறங்கும் ஆழத்திற்கு அவளால் முழுமையாக இறங்க இயலாது. பெண்கள் ஏறும் உயரத்திற்கு ஏறவும் இயலாது. இரு கூட்டத்தாருக்கும் நடுவே விழுந்துவிடுகிறாள்.

இளம்பருவத்தில் ஆண்பிள்ளையின் குரல் உடைவதற்கு மகரக்கட்டு என்னும் பெயர் நம்மிடம் உண்டு. பெயர் இருப்பதால் பொறுமையும் உண்டு. "மகரக்கட்டு, கொஞ்ச நாள் பாட வேண்டாம்" என்று ஆசிரியரே சொல்வார். அதே பருவத்தில் பெண்பிள்ளையின் குரலும் இறங்குகிறது. ஆண்குரல் ஏறத்தாழ ஒரு தானம் முழுதும் இறங்க, பெண்குரல் இரண்டு மூன்று அரைச்சுர அளவே இறங்கும் என்பர் குரலியலார். இவ்விறக்கத்திற்குத் தமிழில் பெயரில்லை. பெயரில்லாத மாற்றம் குறையாகக் கருதப்படுவது இயல்புதானே!

நம் சொல்வழக்கும் இதற்குத் துணைபோகிறது. பெண்குரலுக்கு உவமை குயில். புலவரும் பாடலாசிரியரும் பட்டமளிப்போரும் அவ்வொன்றையே மீண்டும் மீண்டும் எடுத்தாண்டுள்ளனர். கூவுவது ஆண்குயில் என்பதும், பெண்குயிலின் ஒலி துண்டுதுண்டாய்க் கரகரத்து வருவது என்பதும் பறவையியல் அறிந்தோர்க்குத் தெரிந்த செய்தி. (உவமை கூறியவர்கள் தோப்பிற்குள் சென்று பார்த்திருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை.) குயிலுக்கு எதிர்நிலையில் வைக்கப்படுவது கட்டைக்குரல். சுருதியை அளக்கும் சொல்லும் கட்டை, ஆழ்ந்த குரலை இகழும் சொல்லும் கட்டை. இன்னும் பின்னோக்கிச் சென்றால், தமிழிசை மரபு மூன்று தானங்களுக்கு மெலிவு, சமன், வலிவு என்றே பெயர் சூட்டியுள்ளது. தாழ்நிலை மெலிந்தது, உச்சநிலை வலியது என்னும் மதிப்பீடு கலைச்சொல்லிலேயே படிந்திருக்கிறது.

1947இல் மும்பையில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த உஷா உதுப்பின் பள்ளிப்பருவ நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தம் குரல் பொருந்தவில்லையென்று இசை வகுப்பிலிருந்து தாம் வெளியேற்றப்பட்டதையும், பின்னர் அவ்வாசிரியரே தம் கையில் சிறு தாளக்கருவி ஒன்றைக் கொடுத்ததையும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். 1969இல் சென்னையின் மவுண்ட் ரோட்டில் இரவு விடுதியொன்றில் பாடத் தொடங்கிய அவர் 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்றார். இதனை வெற்றிக்கதையாக எடுத்துரைப்பது எளிது. நம் நோக்கம் அதுவன்று. பட்டம்மாளும் உஷா உதுப்பும் தனிக்குரலாக நின்று தம் சுருதியைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள். அவ்வளவு துணிவோ திறமோ இல்லாத, கூட்டத்தோடு கூட்டமாகப் பாடவே விரும்பும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு அவ்வழி பயன்படாது. அவளுக்கு வேண்டியது புகழன்று. வரிசையில் ஓர் இடம்.

இனி ஆய்ச்சியர் குரவைக்கு வருவோம். ஆயர்பாடியில் தீக்குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்களில் நீர் வடிகிறது, உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, மாடுகளின் கழுத்து மணி அறுந்து நிலத்தில் விழுகிறது. வரவிருக்கும் துன்பம் நீங்கவேண்டிக் கண்ணகி காணக் குரவையாடுவோம் என்கிறாள் மாதரி. கோவலன் கொலையுண்டதை நூல் முந்தைய காதையிலேயே சொல்லிவிட்டது, ஆடுவோர் அறியார். ஆகவே இது பொழுதுபோக்குப் பாட்டன்று. ஏழு பெண்களும் ஒருவரும் விடுபடாமல் சேர்ந்து நின்றால்தான் காப்பு உண்டென்னும் நம்பிக்கையில் எழுந்த பாட்டு.

மாதரி அவ்வெழுவரையும் மேற்குத் திசை தொடங்கி இடமுறையாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகிறாள். பின்னர்க் குரலை மாயவன் என்றும், இளியைப் பலராமன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் கூறிப் படைத்துக்கோள் செய்கிறாள். பெண்கள் வட்டமாக நின்று கற்கடகக் கை கோக்கின்றனர். பாட்டெடுக்கும் முறையையும் அடிகள் விளங்கக் கூறுகிறார். குரல் என்பவள் மந்தத்திலும், இளி என்பவள் சமனிலும், துத்தம் என்பவள் வலிவிலும் நிற்க, விளரி என்பவளும் மந்தத்தைப் பற்றிக்கொண்டு, தன் நட்பு நரம்பாகியவளுக்குப் பின்பாட்டு எடுக்கிறாள்.

ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலானந்த அடிகளின் யாழ்நூல் (1947) தொடங்கி, சிலப்பதிகார இசைப்பகுதிகள் பழந்தமிழ்ப் பாலைகளை மீட்டெடுக்கும் திறவுகோலாகவே பயன்பட்டு வந்துள்ளன. அவ்வுழைப்பின் அருமையை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. குரலுக்கு ஐந்தாம் நரம்பு இளி. இளியிலிருந்து எண்ண ஐந்தாவதாக மேல்தானத்தில் வருவது துத்தம். மந்தக் குரல், சமன் இளி, வலிவுத் துத்தம் என்று அடிகள் அடுக்கியதன் இசைக்கணக்கு இவ்வாறு துலங்குகிறது. ஆயினும் கணக்கு துலங்கியவுடன் பெண்கள் மறைந்துவிடுகின்றனர். எழுவரும் ஏழு நரம்புகளாகி, வட்டம் ஒரு வரைபடமாகிவிடுகிறது. நரம்பு தானே ஒலிக்கும் யாழன்று இது. குரல் என்று பெயர்பெற்றவள் ஒரு பெண். மந்தத்தில் நிற்பதற்கு அவளுக்குத் தொண்டை வேண்டும். பெண்களே பாடும் குழுவில் கீழ்நிலை, இடைநிலை, மேல்நிலை என மூன்றும் தனித்தனிப் பெண்களுக்கு வகுக்கப்பட்டிருப்பது இங்கு நாம் காணும் செய்தி. மந்தம் ஆடவர்க்கென ஒதுக்கப்படவில்லை. அதனைப் பெற்றவள் ஓரத்தில் நிற்பவளும் அல்லள், அவளே மாயவன்.

இங்குத் தடையொன்று எழும். மாயவன் ஆடவன் ஆதலின் அவ்வேடம் ஏற்றவள் ஆண்குரலைப் போலத் தாழப் பாடினாள், இதில் பெண்குரலின் இடம் எங்கே வந்தது எனலாம். தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், தாழ்வு ஆண்மையின் அடையாளமாயின் பலராமனாகிய இளியும் மந்தத்திலன்றோ நிற்கவேண்டும்? அவனோ தமையன். அவனைச் சமனில் நிறுத்தி, தம்பியை மந்தத்தில் நிறுத்துகிறார் அடிகள். மந்தம் பற்றும் மற்றொருத்தியாகிய விளரிக்கு இப்பகுதியில் ஆடவர் பெயர் எதுவும் இடப்படவில்லை. ஆகவே குரலின் நிலை நரம்புகளின் உறவை ஒட்டி வகுக்கப்பட்டதேயன்றி ஆண் பெண் வேடத்தை ஒட்டியதன்று எனக் கொள்வதே பொருத்தமாகும்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். விளரியின் மந்தத்தைச் சொல்லுமிடத்தில் அதனை வலிமை குன்றியது என்னும் பொருள்பட அடைகொடுத்துக் கூறுகிறது பாடல். நம் வாதத்திற்கு இது இடையூறு எனக் கருதி இதைத் தாண்டிச் செல்ல விரும்பவில்லை. பாடற்குழுவில் நின்றவர்க்கு அவ்வடையின் உண்மை தெரியும். தாழ்ந்த சுரங்களில் மனிதச் செவியின் கூர்மை குறைவு. பெண்ணின் கீழெல்லைச் சுரங்கள் முழங்கா. மேலே ஒருத்தி உரக்கப் பாடினால் கீழே மூவர் பாடுவது மூழ்கிப்போகும். மந்தத்தைப் புகழ்ந்து உயர்த்த அடிகள் முயலவில்லை. அது மெலிந்தது என்று அறிந்தே அதற்கு ஆளை நியமித்துள்ளார். வரிசை வரிசையாக நிறுத்தாமல் வட்டமாக நிறுத்தியதில் ஒரு நன்மையும் உண்டு: வட்டத்தில் கடைசி வரிசை இல்லை.

இடத்தாலும் காலத்தாலும் இதனோடு தொடர்பில்லாத ஒப்புமை ஒன்று வெனிஸ் நகரில் கிடைக்கிறது. அங்குக் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியெத்தா என்னும் இல்லத்தில் 1703 முதல் விவால்டி இசையாசிரியராகப் பணிபுரிந்தார். பாடியவர்கள் அவ்வில்லத்துப் பெண்களே. அவர்களுக்கென அவர் எழுதிய வழிபாட்டிசையிலோ டெனர், பேஸ் என்னும் ஆண்குரற்பகுதிகளும் உள்ளன. இல்லத்தின் ஆவணங்களில் பெண்களின் பெயர்கள் அவரவர் குரலோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளன: அன்னா தால் பாஸோ, பவுலினா தால் தெனோர். பேஸ் பகுதியை அப்பெண்கள் எழுதிய தானத்திலேயே பாடினரா, மேல்தானத்தில் பாடினரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடும்பப் பெயரின் இடத்தில் குரலின் பெயர் நின்றதே நம் கவனத்திற்குரியது. மாதரி இட்ட பெயர்களை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

மேலைநாட்டு நான்கு குரற்பகுதி முறையே இச்சிக்கலுக்குத் தீர்வு என்று கூறுவோரும் உளர். அம்முறை தாழ்குரற் பெண்ணுக்கு ஆல்ட்டோ என்னும் இடத்தை வழங்குவது உண்மையே. அவ்விடம் எத்தகையது என்றும் பார்க்கவேண்டும். ஆல்ட்டோ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு உயர்ந்தது என்பது பொருள். தேவாலயக் குழுக்களில் பெண்கள் இடம்பெறாத காலத்தில், டெனருக்கு மேலே பாடிய ஆடவரின் பகுதிக்கு இட்ட பெயர் அது. (இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் சிறுமியர்க்கெனப் பாடற்குழு தொடங்கியதே 1991இல்தான்.) எனவே பெண்குரல்களுள் தாழ்ந்ததைப் பாடுபவள் உயர்ந்தது என்னும் பெயரை இரவல் பெற்று நிற்கிறாள். பல பாமாலைகளின் ஆல்ட்டோ பகுதியைத் தனியே பாடிப்பார்த்தால், இரண்டு மூன்று சுரங்களைச் சுற்றிச் சுற்றி வருவதே தெரியும். மெட்டு சொப்ரானோவிடம் போய்விட்டது. டெனர் வராத நாளில் அவ்விடத்தை இட்டு நிரப்புபவளும் அவளே. பிற்காலத்தில் 1939 ஏப்ரல் 9ஆம் நாள் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ 75,000 பேர் கேட்கப் பாடிய மரியன் ஆன்டர்சன், இளமையில் தம் தேவாலயக் குழுவில் யார் வராவிட்டாலும் அவர் பகுதியைப் பாடக்கூடியவராக இருந்தார். பேஸ் பகுதியும் அதிலடங்கும்.

நம் நாட்டுத் தமிழ்த் தேவாலயங்களில் இவ்விரு நிலைகளையும் ஒரே காலைப்பொழுதில் காணலாம். மேலைநாட்டு இராகத்தில் அமைந்த பாமாலையைப் பாடற்குழு நான்கு பகுதிகளாகப் பாடும்போது ஒருத்திக்கு ஆல்ட்டோவில் இடம் இருக்கிறது. அடுத்துக் கீர்த்தனை தொடங்கியதும் எல்லார்க்கும் ஒரே மெட்டு, ஒரே தானம். அவள் சரணத்தின் உச்சியில் நிறுத்திக்கொண்டு பல்லவிக்கு மீண்டும் சேர்ந்துகொள்கிறாள். கீர்த்தனையை விட்டுவிடவேண்டும் என்பதன்று இதன் பொருள். ஒரு மெட்டிசைக்கும் பல குரல்களுக்கு இடம் வகுக்கலாம் என்பதைச் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி நடத்திய எம். பி. சீனிவாசன் (1925–1988) இந்திய மொழிப் பாடல்களிலேயே செய்துகாட்டினார். அவர் வழியைப் பின்பற்றுவதற்கு இசையெழுத்தறிவும் பயிற்சியும் வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் அது வாய்க்காது என்பதை ஆசிரியர்கள் நம்மினும் நன்கறிவர்.

சுருதியை இறக்குவதற்கோ எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. சிங்கப்பூர் தன் தேசிய கீதமாகிய மஜுலா சிங்கப்பூராவை 2001இல் ஜி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு இறக்கி, மக்கள் எளிதாகப் பாடும்வண்ணம் புதிய இசையமைப்பை வெளியிட்டது. நம் கணக்கில் சொல்வதானால் 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு. ஒரு நாடு தன் கீதத்திற்கே செய்ததைத் தமிழ்மொழி விழாவின் வாழ்த்துப்பாடலுக்குச் செய்ய நாம் ஏன் தயங்குகிறோம்? குரல் ஒளி குன்றும், நடுவர் மதிப்பெண் குறைப்பர் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. போட்டிக்குழு ஒன்றைப் பழக்கியபோது நாமும் அவ்வச்சத்திற்கு ஆட்பட்டு 5 கட்டையிலேயே வைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு மாணவியர் அவ்வாண்டு குழுவிலிருந்து தாமாகவே விலகினர். காரணம் கேட்டதற்குப் பாடச்சுமை என்றனர்.

ஆய்ச்சியர் குரவையை நம் பல்கலைக்கழக வகுப்புகளில் நடத்தும்போது ஏழு மாணவியரை எழுப்பி வட்டமாக நிறுத்திப் பாடவைக்கும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாகக் கைக்கொண்டுள்ளோம். யார் குரல், யார் துத்தம் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. அவரவர்க்கு எளிதாக நிற்கும் ஒரு சுரத்தை நீட்டச் சொல்கிறோம், அதன்பின் பெயரிடுகிறோம். பாடலில் மாதரி செய்தது இதுவேதானா என்பது ஐயத்திற்குரியது. மேற்கே நின்றவளுக்குக் குரல் என்று பெயர் வந்தது என்பதால், நின்ற இடமே பெயரைத் தீர்மானித்தது என்று ஒருவர் வாதிடலாம். பாடலின் சொற்கள் அதற்கு இடந்தருகின்றன. மாதரி தன் விருப்பப்படி பெயரிட்டாள் என்னும் குறிப்பும் அங்கேயே உள்ளது. மேற்கில் யாரை நிறுத்துவது என்பதை அவள் எவ்வாறு முடிவுசெய்தாள் என்று அடிகள் கூறவில்லை. அப்பெண்கள் அவளுக்குப் புதியவர்கள் அல்லர். ஒரே பாடியில் வாழ்ந்தவர்கள். மாலைதோறும் அவர்கள் தத்தம் ஏறுகளைப் பெயர்சொல்லி அழைத்ததை அவள் கேட்டிருப்பாள்.